பூட்டிய பீரோவில் மதிப்பெண் இல்லை: வேதியியல் கற்பிக்கப் புதிதாக வருபவர்களுக்கு

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் முதுகலை ஆசிரியராக இப்போதுதான் பணியில் சேர்ந்திருக்கிறீர்கள். தலைமை ஆசிரியர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றி. அடுத்த கேள்வி எத்தனை பேரைச் சென்டம் எடுக்க வைப்பீர்கள் என்பதாக இருக்கும். ஆய்வகச் சாவி எங்கே என்பதை நீங்களாகத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

துணைக்கருவிகளைப் பயன்படுத்தினால் மாணவர் அடைவு உயரும் என்று பி.எட். வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். அந்த வாக்கியத்தில் பாதிதான் உண்மை. கருவி பள்ளியில் இருப்பது ஒன்று, அது மாணவர் கைக்கு வருவது வேறு, கைக்கு வந்தபின் அதை வைத்து அவர் ஒரு கேள்விக்கு விடை தேடுவது இன்னும் வேறு. மூன்றாவது நடக்கும்போதுதான் விடைத்தாளில் மாற்றம் தெரியும். கீழே சொல்வதெல்லாம் அந்த மூன்றாவதை நோக்கிப் போகும் வழிதான். வரிசை மாறாமல் செய்தால் ஓரளவு நிலைப்பட்டுவிடலாம்.

முதல் வாரம்: சாவியும் பதிவேடும்

ஆய்வக உதவியாளரையும் இருப்புப் பதிவேட்டையும் உடன் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து பாருங்கள். உதவியாளர் பணியிடம் காலியாக இருந்தால் பிளஸ் டூ மாணவர் இருவரை எழுதுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். புட்டிகளை எடுப்பது உங்கள் கையாக இருக்கட்டும். பதிவேடும் அலமாரியும் ஒத்துப்போவது அரிது. பதறாமல், உள்ளதை உள்ளபடி பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். இன்றே பயன்படுபவை, சிறு பழுது நீக்கினால் பயன்படுபவை, கெட்டுப்போனவை, தொடக்கூடாதவை என்று நான்காகப் பிரித்தால் போதும்.

கெட்டுப்போனவற்றைக் கண்ணாலேயே பல நேரம் அடையாளம் காணலாம். ஃபெரஸ் சல்பேட் தன் வெளிர் பச்சையை இழந்து பழுப்பேறியிருந்தால் அதன் ஒரு பகுதி ஃபெர்ரிக் நிலைக்குப் போய்விட்டது. அதைக் கொண்டு தரம்பார்த்தால் (செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு மற்றொன்றின் செறிவைக் கண்டறிந்தால்) பர்மாங்கனேட் குறைவாகவே செலவாகும், மாணவர் தன் கணக்கைத்தான் சந்தேகிப்பார். ஆண்டுக்கணக்கில் கிடந்த ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறக்குறைய வெறும் தண்ணீர். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் காற்றின் ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இதனால்தான் அதை எடைபோட்டு நேரடியாகத் திட்டக் கரைசல் (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) தயாரிக்க முடியாது, ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு அதன் செறிவைக் கண்டறிய வேண்டியிருக்கிறது. பாடத்தில் ஒரு வரியாக வரும் இந்தச் செய்தி, ஒட்டிப்போன புட்டியைக் காட்டிச் சொன்னால் மறக்காது. கண்ணாடித் திருகு உள்ள பியூரெட்டுகள் (கரைசலைத் துளித்துளியாக அளந்து விடும் குழாய்கள்) சில இறுகிக் கிடக்கும். யாரோ காரத்தை நிரப்பிவிட்டுக் கழுவாமல் வைத்ததன் விளைவு.

அம்மோனியாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தால் சுற்றியுள்ள புட்டிகள் எல்லாம் வெண்படலம் பூத்திருக்கும். அது அம்மோனியம் குளோரைடு. துடைப்பதற்கு முன் வகுப்பை அழைத்து ஒருமுறை காட்டிவிடுங்கள். வாயுப் பரவல் பாடத்துக்கு இதைவிட நல்ல சான்று காசு கொடுத்தாலும் கிடைக்காது. பிறகு இரண்டையும் வெவ்வேறு மூலைக்கு மாற்றிவிடுங்கள்.

தொடக்கூடாதவை பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். பழைய ஆய்வகங்களில் பிக்ரிக் அமிலப் புட்டி கிடக்கலாம். ஈரம் வற்றி மஞ்சள் படிகமாக இருந்தால் மூடியைத் திருகவே கூடாது. உலர்ந்த பிக்ரிக் அமிலம் உராய்வில் வெடிக்கும் தன்மை கொண்டது. பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது, கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலைப் பாதிப்பது; இரண்டுக்கும் பள்ளி ஆய்வகத்தில் வேலை இல்லை. நடுவில் வெள்ளையாகக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பதித்த பழைய கம்பி வலைகளையும் ஒதுக்குங்கள். பெயரொட்டி இல்லாத புட்டியை முகர்ந்து பார்த்து ஊகிக்கும் வீரம் வேண்டாம். இவை எதையும் கழுவுதொட்டியில் கொட்டித் தீர்க்காமல், தனியே பூட்டி வைத்து, முறையாக அகற்ற ஏற்பாடு செய்யும்படி தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது அடுத்த ஆண்டு யாருக்கும் நினைவிருக்காது.

அடுத்து: விடைத்தாளைப் படியுங்கள்

எந்தக் கருவி வேண்டும் என்பதை அலமாரி சொல்லாது, விடைத்தாள்தான் சொல்லும். பிளஸ் டூ வேதியியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த எழுபதில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் வினாக்களில் தலா ஆறு எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து. முதல் இடைப்பருவத் தேர்வு முடிந்ததும் ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் மாணவர் பெயர், மேலே வினா எண். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வினாவிலும் பெற்றதை நிரப்பினால், பூச்சியங்கள் எந்த வினாவின் கீழ் குவிகின்றன என்பது பளிச்சென்று தெரியும். வெறும் மொத்த மதிப்பெண் பட்டியல் இதைக் காட்டாது.

பூச்சியம் மூன்று காரணத்தால் விழுகிறது. மனத்தில் நிற்கவில்லை, மனத்தில் படம் உருவாகவில்லை, கணக்கு வரவில்லை. உலோகவியல் முறைகளும் கரிமப் பெயர் வினைகளும் பெரும்பாலும் முதல் வகை. அங்கே மாதிரிகளும் காணொளிகளும் அதிகம் உதவா. வகுப்பு தொடங்கும்போது ஐந்து நிமிடச் சிறு வினாக்கள், இடைவெளி விட்டு மீண்டும் அதே வினாக்கள் என்பதே போதும். மோல் கருத்து, சமநிலை மாறிலி, நெர்ன்ஸ்ட் சமன்பாடு மூன்றாம் வகை. அதற்குக் கரும்பலகைதான் சிறந்த கருவி. படிப்படியாகச் செய்துகாட்டிய கணக்குகளும், பாதி செய்து மீதியை மாணவரிடம் விடும் கணக்குகளும் வேண்டும். பத்தின் அடுக்கையும் மடக்கையையும் கணித ஆசிரியரோடு பேசி முன்கூட்டியே நடத்தச் சொல்வதும் ஒரு வளம்தான், அதை யாரும் பதிவேட்டில் ஏற்றுவதில்லை என்றாலும்.

பணமும் நேரமும் செலவிடத் தகுந்தது இரண்டாம் வகை. வேதிப்பிணைப்பு, மாற்றியங்கள், திட நிலைமை, மின்வேதியியல் ஆகியவை இதில் வரும். திட நிலைமையில் அலகுக்கூட்டில் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டியில்) எத்தனை அணுக்கள் என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மூலை அணு எட்டில் ஒரு பங்கு, முக அணு இரண்டில் ஒரு பங்கு என்று மனப்பாடம் செய்தவர் வினாவைச் சற்றுத் திருப்பிக் கேட்டாலே தடுமாறுவார். களிமண் உருண்டை ஒன்றைச் செய்யச் சொல்லி, அதை எட்டாக வெட்டச் சொல்லுங்கள். ஓர் அட்டைப்பெட்டியின் எட்டு உள்மூலைகளிலும் ஒவ்வொரு துண்டை வைத்தால், பெட்டிக்குள் மொத்தம் ஓர் உருண்டைதான் இருக்கிறது என்பது கைக்கே தெரிந்துவிடும். நடுவில் முழு உருண்டை ஒன்றையும் வைத்தால் இரண்டு, அதாவது பொருள் மைய அமைப்பு. நடு உருண்டையை எடுத்துவிட்டு ஆறு முகங்களிலும் அரை உருண்டை ஒட்டினால் முகப்பு மையம், நான்கு. செலவு ஒரு பிடி களிமண்.

ஒரு பாடத்துக்கு மூன்று தளங்கள்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், அறிவியல் கற்பது ஏன் கடினமாக இருக்கிறது என்பதற்கு ஒரு முக்கோணத்தை விடையாக வைத்தார். ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியும் பொருளும் நிகழ்வும். இன்னொரு மூலையில் கண்ணுக்குத் தெரியாத அணு, மூலக்கூறு, அயனி. மூன்றாவதில் குறியீடு, வாய்பாடு, சமன்பாடு. பழகிய ஆசிரியர் ஒரே மூச்சில் மூன்றுக்கும் தாவிவிடுவார். மாணவருக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வழி தெரியாது. பாடக்குறிப்பு எழுதும்போது இந்த மூன்றுக்கும் தனித்தனியே ஒரு வரி ஒதுக்கி, எந்த வரி காலியாக இருக்கிறதோ அதற்கு மட்டும் கருவி தேடினால் போதும்.

நமக்கு நன்கு தெரிந்த சோதனை ஒன்றில் இதைப் பார்ப்போம். மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் இரும்பு ஆணியைப் போடுகிறோம். சற்று நேரத்தில் ஆணியில் செம்பழுப்புப் படிவு, கரைசலின் நீலம் மங்கி இளம்பச்சை. எல்லா மாணவரும் இதைச் சரியாக எழுதிவிடுவார்கள். சமன்பாட்டையும் எழுதிவிடுவார்கள். இப்போது நடுவில் உள்ள காலி இடத்தைக் கேளுங்கள்: ஆணியில் ஒட்டியிருக்கும் காப்பர் அணுக்கள் எங்கிருந்து வந்தன? சல்பேட் அயனி இந்த நேரம் முழுவதும் என்ன செய்துகொண்டிருந்தது? ஆணியின் எடை கூடுமா குறையுமா?

இரும்பு காப்பராக மாறிவிட்டது என்று சொல்பவர் இருப்பார். சல்பேட் இரும்பைக் கரைத்துவிட்டது என்பவரும் இருப்பார். இங்கேதான் இரண்டு நிறப் பொத்தான்களோ, புளியங்கொட்டையும் வேர்க்கடலையுமோ வேண்டும். மேசைமேல் பரப்பி, ஒவ்வோர் இரும்பு அணுவும் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுக் கரைசலுக்குள் போவதையும், காப்பர் அயனி ஒன்று அவற்றை வாங்கிக்கொண்டு ஆணியில் அமர்வதையும் மாணவரே நகர்த்திக் காட்டட்டும். சல்பேட்டுக்கு வைத்த கொட்டையை யாரும் தொடவில்லை என்பதை அவர்களே கவனித்துச் சொல்வார்கள். எடைக் கேள்விக்கும் விடை வந்துவிடும்: இரும்பின் அணு நிறை சுமார் 56, காப்பர் 63.5, போன ஒவ்வொன்றுக்கும் பதிலாகக் கனமான ஒன்று வந்து அமர்கிறது. பிளஸ் டூவில் கால்வனிக் மின்கலத்துக்கு வரும்போது இதே வினையைத்தான் இரண்டு முகவைகளாகப் பிரித்து, எலக்ட்ரானைக் கம்பி வழியே போகச் செய்கிறோம் என்று ஒரே வரியில் கடந்துவிடலாம்.

மூலக்கூறு வடிவங்களுக்குப் பலூன்கள் போதும். ஒரே அளவில் ஊதிய இரண்டு பலூன்களின் வாயைச் சேர்த்துக் கட்டினால் நேர்கோடு, மூன்று கட்டினால் சமதள முக்கோணம், நான்கு கட்டினால் யாரும் சொல்லாமலே நான்முகி. கரும்பலகையில் சிலுவைபோல் வரையும் மீத்தேனைப் பார்த்துப் பிணைப்புக் கோணம் 90 என்று எழுதும் மாணவர், பலூனைத் தொட்டபின் 109.5 பாகை எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தொடங்குவார்.

பத்து பியூரெட், ஐம்பது மாணவர்

ஆய்வக வேலை மாணவரின் கற்றலை உயர்த்துகிறதா என்பது நாம் நினைக்கும் அளவுக்குத் தீர்ந்துபோன கேள்வி இல்லை. இயன் ஆபிரகாம்ஸ், ராபின் மில்லர் இருவரும் இங்கிலாந்துப் பள்ளிகளில் 25 செய்முறை வகுப்புகளைக் கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், சொன்னபடி கருவிகளைக் கையாண்டு எதிர்பார்த்த நிகழ்வை வரவழைப்பதில் வகுப்புகள் பெரும்பாலும் வென்றன, அந்த நிகழ்வை அறிவியல் கருத்தோடு இணைத்துச் சிந்திக்கவைப்பதில் பின்தங்கின என்று கண்டார்கள். நம் ஊர் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினால் இது புதிதாகத் தோன்றாது. ஐம்பது நோட்டிலும் ஒரே அளவீடு, ஒரே கையெழுத்துச் சாயல்.

ஆகவே செய்முறை வகுப்பில் சோதனைக்கு முன்பே ஒரு கேள்வியை எழுதிப்போடுங்கள். பர்மாங்கனேட்டைக் கொண்டு தரம்பார்க்கும்போது ஆக்சாலிக் அமிலத்தை 60 முதல் 70 பாகை வரை சூடாக்குகிறோம், ஃபெரஸ் சல்பேட்டைச் சூடாக்குவதில்லை, ஏன்? கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் என்ன ஆகும்? பியூரெட்டில் நிறமற்ற கரைசலுக்குக் கீழ்ப்பிறையை (வளைந்த மேற்பரப்பின் அடியை) பார்க்கிறோம், பர்மாங்கனேட்டுக்கு மட்டும் மேல்விளிம்பைப் பார்ப்பது எதற்கு? விடையை ஊகித்து எழுதிவிட்டுத்தான் பிப்பெட்டைத் தொட வேண்டும் என்று விதி வையுங்கள். ஆக்சாலிக் அமிலத்தோடு வினை தொடக்கத்தில் மெதுவாக நடக்கும், உண்டாகும் மாங்கனீஸ் அயனியே அதை வேகப்படுத்தும் என்பதை முதல் சில துளிகளின் நிறம் மறைய எடுக்கும் நேரத்திலேயே மாணவர் கண்டுபிடிக்கலாம். வினைவேகவியலில் தன் வினைவேக மாற்றி என்று படிப்பது இதைத்தான்.

கருவி போதாது என்ற உண்மையான சிக்கலுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சுழற்சி. வகுப்பைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதி தரம்பார்க்கும்போது மறுபாதி உப்பு ஆய்வுக்கான துளிச் சோதனைகளையோ கணக்கையோ செய்யட்டும். நான்கு பேர் குழுவில் ஒருவரே எப்போதும் பியூரெட் திருகைப் பிடித்திருப்பார், ஒருவர் எப்போதும் எழுதிக்கொண்டிருப்பார். அந்த எழுதுபவர் பல பள்ளிகளில் ஒரு மாணவியாகவே இருப்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஆளை மாற்றுவது கட்டாயம்.

இன்னொரு வழி நுண்ணளவு வேதியியல். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தின் ராட்மாஸ்ட் மையமும் யுனெஸ்கோவும் சேர்ந்து பல நாடுகளுக்குக் கொண்டுபோன முறை இது. சோதனைக் குழாய்க்குப் பதில் சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு, மில்லிலிட்டருக்குப் பதில் துளி. நமக்கு அந்தத் தட்டுகூடத் தேவையில்லை. காலியான மாத்திரை அட்டையைக் கழுவினால் பத்துக் குழிகள் கிடைக்கும். சில்வர் நைட்ரேட் விலை உயர்ந்தது. இரண்டு துளிகளில் வெண்மை வீழ்படிவு காட்டிவிட்டால் ஒரு சிறு புட்டி ஆண்டு முழுவதும் வரும். தரம்பார்த்தலுக்கு மருந்துக்கடையில் வாங்கிய 5 மில்லி சிரிஞ்சை ஊசி இல்லாமல் பயன்படுத்தலாம். அதன் ஒரு கோடு 0.2 மில்லி, பியூரெட்டின் கோடு 0.1 மில்லி, துல்லியம் குறையும், ஆனால் ஐம்பது பேரும் தம் கையால் முடிவுநிலையை (வினை முடிந்ததை நிறமாற்றம் காட்டும் கணத்தை) பார்ப்பார்கள். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு கட்டாயம் உண்மையான பியூரெட்டுக்கு மாறிவிட வேண்டும். செய்முறைத் தேர்வில் புறத்தேர்வாளர் சிரிஞ்சை ஏற்கமாட்டார்.

பாதுகாப்பில் சுருக்கம் கூடாது. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மெதுவாக, கிளறிக்கொண்டே. பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவது நம் பள்ளிகளில் இன்னும் பழக்கத்தில் இருக்கிறது. ரப்பர் குமிழ் சில பத்து ரூபாய்கள்தான், வாங்கிவிடுங்கள். ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், நீண்ட சடையும் துப்பட்டாவும் கட்டியிருக்க வேண்டும், ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில். கண்ணில் அமிலமோ காரமோ பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனை. இதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

மஞ்சள், சுண்ணாம்பு, வினிகர்

சமையலறைப் பொருள்களைக் கொண்டு செய்யும் சோதனைகளைச் சின்னப் பிள்ளைகளுக்கு உரியவை என்று மேல்நிலை ஆசிரியர்கள் ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆழமாகக் கேட்டால் அவை பிளஸ் டூ வரை வரும்.

ஆரத்தித் தண்ணீரை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்ததும் ஏன் சிவக்கிறது என்று கேட்டு, எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். மஞ்சள் நிறம் திரும்பிவிடும். அடுத்து, மூன்று கிண்ணங்களில் எலுமிச்சைச் சாறு, வெறும் தண்ணீர், சுண்ணாம்புத் தெளிநீர் வைத்து மஞ்சளை மட்டும் கொண்டு எது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு பிடிபடும், மற்ற இரண்டும் ஒரே மஞ்சளாக நின்றுவிடும். நிறங்காட்டி என்பது அமிலத்தையும் காரத்தையும் பிரிப்பது என்ற பத்தாம் வகுப்பு வரையறை இங்கே உடைகிறது. ஒவ்வொரு நிறங்காட்டிக்கும் ஒரு பிஎச் (அமில, கார அளவு) எல்லை உண்டு, அந்த எல்லையில் மட்டுமே அது பேசும். செம்பருத்தி இதழ்ச் சாறு அமிலத்தில் சிவந்து காரத்தில் பச்சையாகும். சங்குப்பூ நடுநிலையில் நீலம், அமிலத்தில் ஊதாவும் இளஞ்சிவப்பும், காரத்தில் பச்சை. மூன்றையும் சேர்த்தால் மாணவர் தம் சொந்த வண்ண அளவுகோலையே செய்துவிடலாம்.

இப்போது அயனிச் சமநிலைப் பாடத்துக்கு வாருங்கள். கடை வினிகர்ப் புட்டியில் அசிட்டிக் அமிலம் 4 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். உண்மைதானா? லிட்டருக்கு 40 கிராம், மூலக்கூறு நிறை 60, ஆகவே சுமார் 0.67 மோலார். பத்து மடங்கு நீர்த்து 20 மில்லி எடுத்தால், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 13.3 மில்லி அளவில் முடிவுநிலை வர வேண்டும். பினாப்தலீனைக் கொண்டு ஒருமுறை, மெத்தில் ஆரஞ்சைக் கொண்டு ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். மெத்தில் ஆரஞ்சு அவசரப்பட்டு மிகமுன்பே நிறம் மாறும், கூர்மையான முடிவு கிடைக்காது. வலிமைகுறைந்த அமிலத்துக்கும் வலிமைமிகு காரத்துக்கும் எந்த நிறங்காட்டி என்ற மூன்று மதிப்பெண் வினா இதற்குப் பிறகு மனப்பாடப் பகுதியில் இருக்காது. மஞ்சள்தூள் சாற்றைக் கொண்டும் முயல விரும்பும் மாணவரைத் தடுக்காதீர்கள். அது நிறம் மாறும் எல்லையும் காரப் பக்கம்தான்.

ஒரே ஓர் எச்சரிக்கை: கழிப்பறை அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் பார்க்கும் ஆர்வம் யாருக்காவது வரும். குளோரின் வாயு வெளிவரும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. வீட்டில் செய்யாதே என்று சொல்வதோடு காரணத்தையும் சொல்லுங்கள்.

மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கி 2002 வரை நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம் நடுநிலைப் பள்ளிகளில் இப்படி எளிய பொருள்களையும் கேள்விகளையும் கொண்டே இயங்கியது. அங்கே புத்தகத்தைத் திறந்து வைத்துத் தேர்வு எழுதலாம், செய்முறைக்கும் தனித் தேர்வு உண்டு. கருவிக்கு ஏற்பத் தேர்வையும் மாற்றினார்கள். பொதுத்தேர்வை மாற்றும் அதிகாரம் நமக்கு இல்லை. நாம் வைக்கும் அலகுத் தேர்வில் ஒரு வினாவையாவது, வகுப்பில் செய்த சோதனையைப் பற்றிப் புத்தகத்தில் இல்லாத வகையில் கேட்கலாம். தேர்வில் வராத எதையும் பிப்ரவரி மாதத்து மாணவர் மதிக்கமாட்டார்.

திரை

பாடநூலில் உள்ள கியூஆர் குறியீடுகள், உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகள், ஆசிரியரின் செல்பேசி என்று இப்போது திரைக்குப் பஞ்சமில்லை. காணொளியை முழுவதும் ஓடவிட்டு ஓரமாக அமர்ந்துகொள்வதுதான் சிக்கல். நிகழ்வுக்குச் சற்று முன் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று எழுதச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். சோடியத்தைத் தண்ணீரில் போடுவது போன்ற, வகுப்பில் செய்யத் தயங்கும் சோதனைகளுக்குக் காணொளி நல்லது. லிட்மஸ் தாள் நிறம் மாறுவதைத் திரையில் காட்டுவது நேர விரயம்.

காணொளியைவிட ஊடாடும் செயலிகள் பயன் மிக்கவை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத தளத்தில் மாணவரே எதையாவது மாற்றிப் பார்க்க முடியும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் தளத்தில் சமன்பாடு சமன்செய்தல், பிஎச் அளவுகோல், மூலக்கூறு வடிவம், பொருளின் நிலைகள் ஆகியவை இலவசம். முன்கூட்டியே தரவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும். இந்தியப் பாடத்திட்டத்தை ஒட்டிய மெய்நிகர்ச் சோதனைகளுக்கு, அமிர்தா பல்கலைக்கழகமும் இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கும் உருவாக்கிய ஓலேப்ஸ் உண்டு. மின்சாரம் போனால் என்ன நடத்துவது என்பதைப் பாடக்குறிப்பின் கடைசி வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; அந்த வரி பெரும்பாலும் தேவைப்படும்.

சுவரில் தொங்கும் தனிம அட்டவணையையும் ஒருமுறை பாருங்கள். 113, 115, 117, 118ஆம் தனிமங்களுக்கு நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னெசின், ஓகனெசான் என்று 2016இல்தான் பன்னாட்டு வேதியியல் அமைப்பான ஐயூபேக் பெயரிட்டது. அந்தப் பெயர்கள் இல்லாத அட்டவணை அதற்கு முந்தையது. தூக்கி எறிய வேண்டியதில்லை. நான்கு கட்டங்களையும் மாணவரையே எழுதி ஒட்டச் சொன்னால் முடிந்தது.

பலன் தெரிந்ததா என்று பார்ப்பது

பலரும் விட்டுவிடும் படி இது. பலூனும் களிமண்ணும் கொண்டு நடத்திய வகுப்பு கலகலப்பாக இருந்தது என்பதற்காக மாணவர் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. பாடம் தொடங்கும் முன் 20 மதிப்பெண்ணுக்குச் சிறு தேர்வு, முடிந்தபின் அதே தரத்தில் இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட எளிய வழி, ரிச்சர்ட் ஹேக் 1998இல் இயற்பியல் வகுப்புகளை ஒப்பிடப் பயன்படுத்திய விகிதம்: பெற்ற உயர்வை, பெறக்கூடிய அதிகபட்ச உயர்வால் வகுப்பது. முன்தேர்வுச் சராசரி 8, பின்தேர்வுச் சராசரி 14 என்று வைத்துக்கொண்டால், உயர்வு 6, பெறக்கூடியது 12, ஆகவே 0.5. ஹேக் 0.3க்குக் கீழ் உள்ளதைக் குறைவு என்றும் 0.7க்கு மேல் உள்ளதை மிகுதி என்றும் வகைப்படுத்தினார்.

இரண்டு பிரிவுகளுக்கு நீங்களே நடத்துகிறீர்கள் என்றால் இன்னும் நல்லது. முதல் அலகில் அ பிரிவுக்கு மாதிரிகள், ஆ பிரிவுக்கு வழக்கமான முறை. அடுத்த அலகில் மாற்றிவிடுங்கள், யாருக்கும் இழப்பு இருக்காது. இரண்டு அலகிலும் மாதிரி பயன்படுத்திய பிரிவே முன்னால் வந்தால் அது கருவியின் வேலை என்று ஓரளவு நம்பலாம். ஒரு பிரிவு மட்டும் இரண்டிலும் முன்னால் வந்தால், அந்தப் பிரிவில் டியூஷன் போகும் மாணவர் அதிகமா என்று விசாரியுங்கள். சராசரியோடு நிற்காமல், மெல்லக் கற்கும் மாணவர்களின் உயர்வைத் தனியே கணக்கிடுங்கள். முன்வரிசை மாணவர் எந்த முறையிலும் எழுதிவிடுவார். கருவியின் பலன் பெரும்பாலும் பின்வரிசையில்தான் தெரியும்.

ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் அதே பாடத்திலிருந்து நான்கைந்து வினாக்களை மீண்டும் கேளுங்கள். புதுமையின் ஈர்ப்பால் வந்த உயர்வு அதற்குள் வடிந்திருக்கும், புரிதலால் வந்தது நிற்கும். நின்றவை எவை, வடிந்தவை எவை என்று பாடவாரியாக எழுதிவைத்தால் அடுத்த ஆண்டுக் கொள்முதல் பட்டியல் தானாகவே தயாராகிவிடும். பியூரெட், ரப்பர் குமிழ், சில்வர் நைட்ரேட் போன்றவற்றைச் செய்முறைத் தேர்வு நெருங்கும் ஜனவரியில் கேட்டால் கிடைக்காது. அந்தப் பட்டியலைப் பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே, இருப்புப் பதிவேட்டின் நகலோடு தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.